சூப்பிரண்டின் மேசை முன் நிற்பவருக்கு என்ன உரிமை?

பாறசாலை வட்டாரத்துக்காரர் ஒருவர் வழக்கில் சிக்கினால் எந்தச் சிறைக்குப் போவார்? சம்பவம் கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு எந்தப் பக்கம் நடந்தது என்பதைப் பொறுத்தது அது. இஞ்சிவிளைக்கு இந்தப் பக்கம் என்றால் நெய்யாற்றின்கரை நீதிமன்றம். ரிமாண்ட் ஆனால் அங்குள்ள ஸ்பெஷல் சப் ஜெயில், தண்டனை விழுந்தால் பூஜப்புரை மத்தியச் சிறை. சற்றுத் தள்ளிக் களியக்காவிளையில் நடந்திருந்தால் குழித்துறை நீதிமன்றம், நாகர்கோவில் சிறை, தண்டனைக்குப் பிறகு பாளையங்கோட்டை. சட்டமும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. கேரளத்தில் 2010 ஆம் ஆண்டின் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டமும் அதன்கீழ் 2014 இல் வந்த விதிகளும் நடப்பில் உள்ளன. தமிழ்நாட்டில் வெள்ளைக்காரன் காலத்து 1894 ஆம் ஆண்டு சிறைச் சட்டமும் 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளும்.

எந்தப் பக்கச் சிறைக்குப் போனாலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை. உள்ளே போனவர்மேல் இன்னொரு குற்றச்சாட்டு வரலாம். செல்லில் செல்போன் கிடைத்தது, பக்கத்துக் கைதியோடு அடிதடி, வார்டரை எதிர்த்துப் பேசினான், கொடுத்த வேலையைச் செய்யவில்லை என்று ஏதாவது. அப்போது அவரைச் சிறைக் கண்காணிப்பாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே வக்கீல் இல்லை, கூண்டு இல்லை, பார்க்க வந்த பொதுமக்கள் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெளியில் இருக்கும் குடும்பத்துக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் போவதும் உண்டு. அடுத்த முறை மனுப் பார்க்க, அதாவது கைதியை நேரில் சந்திக்க, போய் நின்றால், "உங்க ஆளுக்கு இன்னைக்கு மனு கிடையாது" என்ற பதில்தான் முதல் தகவல்.

அந்தச் சில நிமிடங்களுக்குள் ஒருவருக்கு என்னென்ன உரிமை உண்டு என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உள்ளே இருப்பவருக்கும், அவருக்காக வெளியே அலைகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மேசையில் என்ன பறிபோகிறது என்பதை முதலில் பார்ப்போம். தண்டனைக் கைதி ஒழுங்காக நடந்து, கொடுத்த வேலையைச் செய்தால் மாதாமாதம் சில நாள் தண்டனைக் கழிவு சேரும். ஒழுங்கு நடவடிக்கையில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கழிவுதான். முப்பது நாள் கழிவை ரத்து செய்தால் அவர் முப்பது நாள் கூடுதலாக உள்ளே இருப்பார். நீதிபதி விதிக்காத ஒரு மாதச் சிறை அது. அத்தோடும் முடிவதில்லை. தண்டனை அவருடைய ஹிஸ்டரி டிக்கெட்டில், அதாவது சிறையில் அவரைப் பற்றி வைக்கும் குறிப்பேட்டில், ஏறிவிடும். பரோல் கேட்கும்போது அதைப் பார்ப்பார்கள். ஆயுள் கைதி முன்விடுதலைக்கு வரும்போது, எத்தனை வருடம் கழிந்திருந்தாலும், ஆலோசனைக் குழு அதைப் புரட்டும். காட்டாக்கடைக்கு அப்பால் நெட்டுகால்தேரியில் ரப்பர் தோட்டத்தோடு ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. பூட்டிய செல்லை விட்டு வெளிக்காற்றில் வேலை செய்து தண்டனையைக் கழிக்க அங்கே வழி உண்டு. நன்னடத்தை உள்ளவர்களைத்தான் அனுப்புவார்கள். டிக்கெட்டில் ஒரு கெட்ட வரி இருந்தால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

இவ்வளவு கனமான முடிவை எப்படி எடுக்க வேண்டும்? இதற்குப் பழைய சட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

1894 சட்டத்தின் 45 ஆவது பிரிவு சிறைக் குற்றங்களைச் சொல்கிறது. 46 ஆவது பிரிவு தண்டனைகளைச் சொல்கிறது. எச்சரிக்கையில் தொடங்கி, கடினமான வேலைக்கு மாற்றுவது, கழிவை வெட்டுவது, பருத்தித் துணிக்குப் பதில் சாக்குத் துணி உடுத்தச் செய்வது, கைவிலங்கு, கால்விலங்கு, குறைத்த உணவு, தனி அறையில் அடைப்பது என்று போய், கடைசியில் முப்பது சவுக்கடி வரை அந்தப் பட்டியல் நீளும். இவற்றில் பல இன்று எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. ஆனால் பட்டியலைவிட நம் கண்ணில் பட வேண்டியது 51 ஆவது பிரிவு. தண்டனைப் பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்வது அதுதான். கைதியின் பெயர், பதிவு எண், வகுப்பு, செய்த குற்றம், செய்த தேதி, இதற்கு முன் எத்தனை முறை, கடைசியாக எப்போது, என்ன தண்டனை, எந்தத் தேதியில் நிறைவேற்றியது. கடுமையான குற்றம் என்றால் சாட்சிகளின் பெயரையும் எழுத வேண்டும். ஜெயிலரும் கண்காணிப்பாளரும் சுருக்கொப்பமிட வேண்டும்.

கைதி என்ன சொன்னார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சவுக்கடி விதித்தால் மட்டுமே சாட்சியத்தின் சாரம், கைதியின் பதில், முடிவுக்கான காரணம் ஆகியவற்றை எழுதச் சொல்கிறது அந்தப் பிரிவு. மற்ற எந்தத் தண்டனைக்கும் வேண்டாம். முதுகுத் தோலை உரிக்கும்போது மட்டும் ஒருவனுடைய பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும், அவனுடைய மாதங்களையும் வருடங்களையும் பறிக்கும்போது அது தேவையில்லை என்று 1894 இல் நினைத்திருக்கிறார்கள். இந்த நினைப்புதான் நம் சிறைகளில் நெடுங்காலம் பழக்கமாக ஊறிக் கிடந்தது. சட்டங்கள் புதிதாக வந்த பிறகும் பழக்கம் அவ்வளவு லேசில் போவதில்லை.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து மனிதர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1915 இல் பிறந்த வி. ஆர். கிருஷ்ண அய்யர். தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர். 1948 இல் ஏறக்குறைய ஒரு மாதம் காவலில் அடைபட்டவர். 1957 இல் கேரளத்தின் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத் துறையையும் கையில் வைத்திருந்தவர். பூட்டுக்கு உள்பக்கம் இருந்தும் வெளிப்பக்கம் இருந்தும் சிறையைப் பார்த்த ஒருவர் உச்ச நீதிமன்ற நாற்காலியில் உட்கார்ந்தபோது, திகார் சிறையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. மரண தண்டனைக் கைதி சுனில் பத்ரா, தன்னைத் தனிமையில் அடைத்திருப்பதை எதிர்த்தார். அதே சிறையின் இன்னொரு கைதி சார்லஸ் சோப்ராஜ் தன் காலில் இரவும் பகலும் கிடந்த இரும்புக் கம்பி விலங்கை எதிர்த்தார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 1978 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளித்தது. தனிமைச் சிறை என்பது நீதிமன்றம் விதிக்க வேண்டிய தண்டனை, ஜெயிலர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது என்று அமர்வு சொன்னது.

அந்த வழக்கில் கிருஷ்ண அய்யர் தனியாக எழுதிய தீர்ப்புதான் நம் விஷயத்துக்கு நேரடியாக வருகிறது. விலங்கு மாட்டுவதற்கு முன் கைதியை, சுருக்கமாகவாவது, விசாரிக்க வேண்டும். அவசரம் என்றால் மாட்டிய உடனேயாவது விசாரிக்க வேண்டும். காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். சிறைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வழி இருக்க வேண்டும். அப்படி ஒரு வழியே இல்லாமல் எடுக்கும் நடவடிக்கை தன்னிச்சையானது, செல்லாது. இத்தோடு அவர் இன்னொன்றும் எழுதினார். காரணங்களைக் கைதியின் ஹிஸ்டரி டிக்கெட்டில் மாநில மொழியில் பதிய வேண்டும். அந்த மொழி தெரியாதவர் என்றால், முடிந்தவரை அவருடைய மொழியில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்புக்காக மாட்டும் விலங்குக்கு மட்டுமல்லாமல் சிறைத் தண்டனைகளுக்கும் இது பொருந்தும் என்றும் சேர்த்து எழுதினார்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களில் இருப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. கல்யாணம், வேலை, வியாபாரம் என்று அக்கரையிலிருந்து வந்து தங்கியவர்களும் நிறைய. இவர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். பேச்சைக் கேட்டால் வித்தியாசம் தெரியாது. ஆனால் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறுவார். அக்கரைச் சிறையில் அகப்பட்ட மலையாளிக்கும் தமிழ்த் தாளில் இதே கதிதான்.

ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். இஞ்சிவிளைக்காரர் ஒருவர், பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர், தண்டனைக் கைதியாகக் கேரளச் சிறையில் இருக்கிறார். ஐந்து பேர் இருக்கும் செல்லில் ஒரு போன் கிடைக்கிறது. அலுவலர் மலையாளத்தில் கேட்கிறார், இவரும் மலையாளத்திலேயே பதில் சொல்கிறார். "போன் என்னோடது இல்ல சாரே. ஆனா அங்க இருக்குன்னு தெரியும், சொல்லப் பயமா இருந்துச்சு." அலுவலர் ஒரு தாளில் எழுதி நீட்டுகிறார். இவர் கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தாளில் "போன் இருந்தது தெரியும்" என்பது இருக்கும், "என்னுடையது இல்லை" என்பது விடுபட்டிருக்கும். யாரும் வேண்டுமென்றே மோசடி செய்திருக்கத் தேவையில்லை. எழுதுகிறவர் தனக்குத் தேவையானதை மட்டும் எழுதினாலே போதும், குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம் தயார். நன்றாகப் பேசுகிறாரே, வாசிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லை ஊர்க்காரருக்கு நேரும் பெரிய ஆபத்து.

ஆகவே அந்த மேசை முன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "எனக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுங்கள்" என்பதுதான். கையெழுத்துக்குக் கீழேயே "வாசித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழில் எழுதிவிடலாம். பின்னால் நீதிபதி தாளைப் பார்க்கும்போது அந்த ஒரு வரி நிறையப் பேசும்.

ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும் இதையே சொல்கின்றன. குற்றச்சாட்டைக் கைதிக்குப் புரியும் மொழியில் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். பதில் தயாரிக்க நேரமும் வசதியும் தர வேண்டும். மொழி புரியாதவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். விதித்த தண்டனையை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி வேண்டும். உணவையோ குடிநீரையோ குறைப்பதும், இருட்டறையில் அடைப்பதும், ஒருவர் செய்த தப்புக்கு மொத்த பிளாக்கையும் தண்டிப்பதும் கூடாது. இந்த விதிகள் நம் நாட்டில் நேரடியாகச் சட்டம் ஆகிவிடவில்லை. ஆனாலும் நம் நீதிமன்றங்கள் இவற்றை மதித்து எடுத்தாளுகின்றன, மனுவில் துணிந்து குறிப்பிடலாம்.

வெளிநாட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலக் கைதிகள் போட்ட வழக்கில் 1974 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்தது. கழிவை வெட்டும் விசாரணை என்றால், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் குற்றச்சாட்டைக் கொடுக்க வேண்டும். சாட்சிகளை அழைக்க, பாதுகாப்புக்குப் பங்கம் இல்லாத வரை, விட வேண்டும். என்ன ஆதாரத்தில் என்ன காரணத்துக்காக இந்த முடிவு என்று எழுதித் தர வேண்டும். வக்கீல் வைக்கும் உரிமையை அந்த நீதிமன்றம் தரவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சக கைதியோ ஊழியரோ உதவலாம் என்றது. எழுத்து தெரியாமல் மேசை முன் நிற்பவரின் நிலைமை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

கிருஷ்ண அய்யரின் இரண்டாவது தீர்ப்பு இதைவிடவும் தூரம் போனது. அதே சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். 1979 டிசம்பர் 20 அன்று வந்த தீர்ப்பில் உள்ள முக்கியமான உத்தரவு இது: தனி அறையில் அடைப்பது, கடின வேலை, உணவைக் குறைப்பது, சலுகைகளைப் பறிப்பது, தண்டனை போல் வேறு சிறைக்கு மாற்றுவது, இவை எதையும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் செய்யக் கூடாது. அவசரத்தில் முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டால், நடவடிக்கை எடுத்த இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சிறைகளில் குறைதீர்ப் பெட்டி வைக்க வேண்டும், அதை மாவட்ட நீதிபதி திறந்து பார்க்க வேண்டும், நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்கள் சிறைக்குள் போய்க் கைதிகளைச் சந்திக்க வசதி செய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

உள்ளே இருப்பவரின் குடும்பம் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வரி, "செஷன்ஸ் நீதிபதிக்கு இரண்டு நாளுக்குள் தெரிவித்தீர்களா?" என்ற கேள்விதான். பல சிறைகளில் இது ஒரு சம்பிரதாயக் கடிதமாகச் சுருங்கிவிட்டது என்பது என் கருத்து. கடிதம் போகும், நீதிபதி கைதியைப் பார்க்காமலே ஒப்புதல் வந்துவிடும். அந்தக் கடிதம் போகாமலே இருந்திருந்தால் அதுவே தண்டனையை எதிர்க்கப் போதுமான காரணம்.

சிறைப் பணியாளர் பக்கத்து நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. ஒரு பிளாக்குக்குள் கத்தியும் கஞ்சாவும் நுழைந்தால் முதலில் அடிபடுவது சாதுவான கைதிதான். அடுத்து அந்த இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் வார்டர். உடனே பிரித்து வைக்க வேண்டிய நேரம் வரும், அதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதும் இல்லை. பிரித்து வைத்த பிறகாவது கேட்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. புகார் கொடுத்தவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களாக இருக்கும்போது, வெளியாள் ஒருவரின் கண் அதில் பட வேண்டும். இது கண்காணிப்பாளருக்கும் பாதுகாப்புதான். முறையாக விசாரித்துக் காரணம் எழுதிய தண்டனையை உயர் நீதிமன்றத்தில் அசைப்பது கஷ்டம்.

இனி செய்ய வேண்டியவை. உள்ளே இருப்பவர் கேட்க வேண்டியது நான்கு. குற்றச்சாட்டு எழுத்தில், தனக்குப் புரியும் மொழியில் வேண்டும். பதில் சொல்ல ஒரு நாளாவது அவகாசம் வேண்டும். தனக்குச் சாட்சியாக இருப்பவரை விசாரிக்க வேண்டும், அந்த இடத்தில் சிசிடிவி இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும். முடிவின் நகல் வேண்டும். உடம்புக்கு முடியாதவர் என்றால் டாக்டரைக் கேட்க வேண்டும். உணவைக் குறைப்பதற்கும் வேலையை மாற்றுவதற்கும் முன்னால் மருத்துவ அலுவலர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்று 1894 சட்டமே சொல்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ரிமாண்டில் இருப்பவருக்கு ஒரு கூடுதல் வழி உண்டு. காவல் நீட்டிப்புக்காக மாஜிஸ்திரேட் முன் நேரிலோ காணொளியிலோ அவரைக் கொண்டுவரும்போது வாயைத் திறந்து சொல்லலாம். "அய்யா, என்னைத் தனியாக அடைத்திருக்கிறார்கள், ஏன் என்று சொல்லவில்லை" என்ற ஒரே வாக்கியம் போதும். வக்கீலிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அவர் அதைப் பதிய வைப்பார். காணொளியில் பக்கத்திலேயே சிறை அலுவலர் நிற்பார், அதனால் பயம் இருக்கும். அப்படியானால் வக்கீலே எழுத்தில் மனு கொடுப்பது நல்லது.

காசு இல்லை என்பது தடை அல்ல. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் குடும்பத்தாரே எழுதிக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். தண்டனை உத்தரவின் நகலைச் சிறை தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சார்ந்த தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உயர் நீதிமன்றம் என்றால் இக்கரைக்கு எர்ணாகுளம், அக்கரைக்கு மதுரைக் கிளை.

மனுவை மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு கொடுக்கலாம் என்பது அரசியல் சாசனத்தின் 350 ஆவது பிரிவு. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் இடம் தருகிறது. ஆகவே மாவட்ட செஷன்ஸ் நீதிபதிக்கு ஒரு பிரதியும் சிறைத் துறைத் தலைவருக்கு ஒரு பிரதியும் தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கைதியின் பெயர், எண், பிளாக், என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் தாளில் எந்த மொழியில் கையெழுத்து வாங்கினார்கள், வாசித்துக் காட்டினார்களா, எந்தத் தேதியிலிருந்து சந்திப்பு மறுக்கப்படுகிறது, செஷன்ஸ் நீதிபதிக்குத் தெரிவிக்கப்பட்டதா. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். தபால் ரசீதைக் கிழிக்காமல் வையுங்கள்.